ஆமாம், நான்தான்

போன வாரம் பூட்டக்காவை மாடிப்படிக்குக் கீழே, சர்வர் அலமாரியின் முன்னால், மூக்கைச் சிந்தியபடி விட்டுவிட்டு வந்தோம். அழுது முடித்தாளா என்று கேட்காதீர்கள். முழுசாக அழுது முடிக்க அந்த வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அது ஒரே கட்டடம். கீழே வக்கீல் ஆபீஸ், மேலே வீடு. நாற்பது வருடமாக ஆபீஸை நடத்துகிற பெரியவர்தான் மேலே வீட்டுக்கும் தலைவர். அவருடைய ஒரே மகன் கீழே ஜூனியர் வக்கீல், மேலே செல்லப்பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் நம் பூட்டக்கா. கம்ப்யூட்டர் படித்தவள் என்று தெரிந்ததும், ஆபீஸில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களும் அவற்றுக்கு வருகிற அத்தனை வியாதிகளும் அவள் தலையில் வந்து விழுந்தன. ஓயாமல் "அதைப் பூட்டுங்க, இதைப் பூட்டுங்க" என்று சொன்னதில் ஜூனியர்கள் வைத்த பெயர் பூட்டக்கா.

அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. பதினோரு வக்கீல்கள் இருக்கிற ஆபீஸில் பதினோரு பேருக்கும் தனித்தனி மெயில் வேண்டும் என்றாள். அங்கே எல்லோரும் பெரியவரின் பெயரிலேயே உள்ளே நுழைந்து, பெரியவரின் பெயரிலேயே கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "என் பேர்ல போனாத்தான் கடுதாசிக்கு மரியாதை" என்று பெரியவர் சொல்லிவிட்டார். மூன்று வருடத்தில் ஏழு முறை எழுதிக் கொடுத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போராடி வாங்கிய ஒரே ஒரு பூட்டு உண்டு. யாராவது பெரியவரின் மெயிலுக்குள் நுழைந்தால் பெரியவரின் போனுக்கு ஒரு கேள்வி போகும்: 'உள்ளே வருவது நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ஆமாம், நான்தான்'. இன்னொன்று 'இல்லை'. முதல் பொத்தானை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

நல்ல பூட்டுதான். ஆனால் பெரியவர் கோர்ட்டுக்குப் போன் கொண்டு போக மாட்டார். ஒருமுறை வாதத்தின் நடுவில் அது அலறி, நீதிபதி எல்லோர் முன்னாலும் கண்டித்ததிலிருந்து, போன் மேல்வீட்டுச் சமையலறையில்தான் கிடக்கும். அதனால் கீழே ஜூனியர்கள் மெயிலைத் திறக்க வேண்டுமானால் மாடிப்படியடியில் வந்து நின்று, "அம்மா, அழுத்திடுங்க!" என்று குரல் கொடுப்பார்கள். மேலே பெரியவரின் மனைவி, நம் பூட்டக்காவின் மாமியார், கையைத் துடைத்துக்கொண்டு 'ஆமாம், நான்தான்' என்று அழுத்துவார். ஒரு நாளைக்கு முப்பது தடவை.

இதை எதிர்த்துப் பேசித்தான் பூட்டக்கா போன வாரம் அழுதாள். இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை பத்தரை மணிக்குக் குமாஸ்தா அவள் மேஜையருகே வந்து நின்றார். எந்தக் கேஸ் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர்.

"மேடம், ஒரு சந்தேகம். அந்தப் பல் டாக்டரம்மா தினமும் ரெண்டு மெயிலாவது போடாம இருக்க மாட்டாங்க. மூணு நாளா சத்தத்தையே காணோம்."

"நிம்மதியா இருக்காங்களோ என்னவோ."

"திங்கக்கிழமை ஹியரிங். அவங்களாவது, நிம்மதியாவது!"

பல் டாக்டர் அந்த ஆபீஸின் கட்சிக்காரர். கட்டட கான்ட்ராக்டரான புருஷனிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு தப்பி வந்தவர். முதலில் போன வீட்டை அவன் ஒரே மாதத்தில் கண்டுபிடித்து, கதவை உடைத்தான். இப்போது இருப்பது இரண்டாவது வீடு. அதன் விலாசம் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவருக்கும் மட்டுமே தெரியும். கோர்ட்டுக்குக்கூட மூடி முத்திரையிட்ட உறையில்தான் போயிருக்கிறது. "எழுத்துல யாருக்கும் அனுப்பாதீங்கம்மா. காகிதம் என் பீரோவுல இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு" என்று பெரியவரே அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

பூட்டக்கா மெயிலைத் திறந்து தேடினாள். பல் டாக்டரின் பெயரில் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மெயிலின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள்.

அங்கே யாரோ ஓர் உத்தரவு எழுதி வைத்திருந்தார்கள். பல் டாக்டரிடமிருந்து எது வந்தாலும் அதன் நகல் முன்பின் தெரியாத ஒரு மெயில் விலாசத்துக்குப் போக வேண்டும். அசல், யாரும் எட்டிப் பார்க்காத 'பழைய அறிவிப்புகள்' பெட்டிக்குள் போய் விழ வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எழுதப்பட்ட உத்தரவு. எழுதிய கம்ப்யூட்டர் அந்த ஆபீஸைச் சேர்ந்ததே இல்லை.

அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஐந்து கடிதங்கள். கடைசிக் கடிதம் நேற்று மாலை வந்திருந்தது.

'ஐயா, நீங்கள் கேட்டபடி புது வீட்டின் விலாசத்தையும் பாப்பாவின் பள்ளிக்கூடப் பெயரையும் நேரத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். எழுத்தில் அனுப்ப வேண்டாம் என்று முன்பு சொன்னீர்கள். இப்போது நீங்களே கேட்டதால் அனுப்புகிறேன்.'

பெரியவர் கேட்கவில்லை. பெரியவரின் பெயரில் உள்ளே நுழைந்த எவனோ கேட்டிருக்கிறான்.

எப்படி நுழைந்தான் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெரியவரின் பாஸ்வேர்டு அவருடைய வக்கீல் பதிவு எண். அது அவருடைய லெட்டர்ஹெட்டில் பெயருக்குக் கீழேயே அச்சடித்திருக்கும். அடையாளக்குறி ஒன்று வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடம் பிடித்ததால் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. எதிர்க்கட்சிக்குப் போன ஒவ்வொரு நோட்டீஸிலும் வீட்டுச் சாவியை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்! ஆறு மாதத்துக்கு முன் அவள் ஒருநாள் துணிந்து அதை மாற்றினாள். அன்றைக்குப் பார்த்து ஓர் அவசர மனு. யாராலும் உள்ளே போக முடியவில்லை. "என் ஆபீஸ்லயே என்னை வெளிய நிறுத்திட்டா" என்று பெரியவர் குதித்த குதியில் சாயங்காலத்துக்குள் பழைய எண் திரும்பி வந்தது.

இன்று அவள் யாரையும் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினாள். உள்ளே இருந்த எல்லோரையும் ஒரே அழுத்தில் வெளியே தள்ளினாள். அந்த உத்தரவை அழிக்கும் முன் படமெடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பல் டாக்டரின் நம்பரைக் குமாஸ்தாவின் நோட்டிலிருந்து வாங்கிப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கிளினிக்கில் பேஷன்ட் இருக்கும்போது அந்த அம்மா எடுக்க மாட்டார் என்று குமாஸ்தா சொன்னார். 'மிகவும் அவசரம், உடனே கூப்பிடவும்' என்று செய்தி அனுப்பினாள்.

அதற்குள் ஹாலில் கலவரம். "அக்கா, மெயில் போச்சு!" "அம்மா, அழுத்துங்கம்மா!" "பூட்டக்கா, ஒரு மணிக்குள்ள மனு போகணும், விளையாடாதீங்க!"

"ஒரு மணி நேரம் யாரும் எதையும் தொடாதீங்க. மனுவைப் பேப்பர்ல எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"பேப்பர்லயா? நீங்களா அக்கா இதைச் சொல்றீங்க?" என்று ஒருவன் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

படியேறி மேலே போனாள். அத்தை சமையலறை மேஜையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உரித்த தோல்களுக்கு நடுவில் பெரியவரின் போன் கிடந்தது.

"என்னம்மா கீழ கூச்சல்? அழுத்துங்கன்னு கத்துறாங்க, இங்க ஒண்ணும் வரலையே."

"அத்தை, செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்குல இதுல கேள்வி வந்துச்சா? கீழ யாரும் கூப்பிடாம?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமா, வந்துச்சு. யாரும் கத்தவே இல்லை. ஆனா வந்துக்கிட்டே இருந்துச்சு. 'இல்லை'ன்னு அழுத்தினேன். திரும்ப வந்துச்சு. ஏழெட்டு தடவை. புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்காமே, அது மேல வந்து கேக்கக் கூச்சப்படுதுன்னு நினைச்சேன். பாவமேன்னு அழுத்திட்டேன்."

பூட்டக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? தப்பா?"

"அது நம்ம ஆள் இல்லை அத்தை. வேற எவனோ. அந்தப் பல் டாக்டரோட விலாசத்தை நம்ம மாமா கேக்கற மாதிரியே கேட்டு வாங்கிட்டான்."

அத்தையின் கையிலிருந்த பூண்டு மேஜையில் உருண்டது. அதை எடுக்கக் கை நீட்டியவர், எடுக்காமலே கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா இந்த ஆபீஸ் நடக்குது. ஒரு காகிதத்தைத் தொட விட்டதில்லை என்னை. நான் அதுல பார்த்த ஒரே வேலை இதுதான்" என்றார். "கீழேயிருந்து 'அம்மா'ன்னு கூப்பிடும்போது நல்லா இருக்கும்."

கோபப்பட வேண்டும் என்றுதான் பூட்டக்கா படியேறி வந்தாள். கோபம் வரவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏழு முறை எழுதிக் கொடுத்தாளே, அதில் ஒரு முறையாவது இந்த மேஜையில் உட்கார்ந்து, 'யாரும் கூப்பிடாம வந்தா அழுத்தாதீங்க அத்தை' என்று அவளே சொல்லியிருக்கலாம். மெமோ எழுதத் தெரிந்த அளவுக்கு மாமியாரிடம் பேசத் தெரியவில்லை.

"மாமாகிட்ட சொல்லிடாதேம்மா" என்றார் அத்தை.

பூட்டக்கா எழுந்து படியிறங்கினாள். கீழே அவள் கணவன் வராந்தாவில் நின்று, கோட்டில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தம்மா கிளினிக் ரிசப்ஷனுக்கு நீங்க கூப்பிடுங்க. வக்கீல் பேசினா உள்ள போய்ச் சொல்லுவாங்க."

"அப்பா வரட்டும்."

"அந்த ஆள் கைக்கு விலாசம் நேத்து சாயங்காலமே போயாச்சுங்க!"

"அதான் சொல்றேன், இவ்வளவு பெரிய விஷயம். அப்பா வரட்டும்."

கல்யாணமாகி நாலு வருடத்தில் இந்த 'அப்பா வரட்டும்' என்ற இரண்டு வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! சோபா வாங்க, ஊருக்குப் போக, டாக்டரைப் பார்க்க. அவளே ரிசப்ஷனுக்குப் போன் செய்தாள். டாக்டர் ஒரு பையனுக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார்கள்.

ஒன்றே காலுக்குப் பெரியவர் வந்தார். அறைக்குள் மகனும் மருமகளும் குமாஸ்தாவும். அவள் சொல்லச் சொல்ல அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றி, மடித்து, இழுப்பறையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவரும் பயந்துதான் போனார் என்பது, இழுப்பறையை இரண்டு முறை திறந்து மூடியதில் தெரிந்தது.

"இப்ப அவன் உள்ள இருக்கானா?"

"இல்லை மாமா. வெளிய தள்ளிட்டேன்."

"அப்ப முடிஞ்சுது. திங்கக்கிழமை ஹியரிங் முடியட்டும், அந்தம்மாவுக்கு நானே பக்குவமாச் சொல்றேன்."

"திங்கக்கிழமையா? அவன் இன்னைக்கே வாசல்ல போய் நின்னா?"

"கேஸ் நடக்கும்போது வந்து நிக்கிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. இப்பப் போய் சொன்னா அந்தம்மா பயத்துல பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயாவது கிளம்பிடுவாங்க. அது கேஸையே கெடுத்துடும். சட்டம் எனக்குத் தெரியும். நீ உன் மெஷினைப் பாரு." மகனிடம் திரும்பினார். "எதுக்கும் ஒரு லெட்டர் தயாரா வெச்சுப்போம். எழுது. 'எங்கள் அலுவலகக் கணினி நிர்வாகியின் கவனக்குறைவால்...'"

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். பூட்டக்கா தன் கணவனின் கையைப் பார்த்தாள். அந்தக் கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் குடத்தைத் தொடவே இல்லை. 'உடையப் போகுது, உடையப் போகுது' என்று மூன்று வருடமாகக் கத்தியவள் அவள்தான்.

"மாமா, ஒரு கேள்வி கேக்கலாமா? செவ்வாய்க்கிழமை பதினொண்ணு பத்துக்கு உங்க போன்ல 'ஆமாம், நான்தான்'னு அழுத்தினது யாரு?"

"நான் கோர்ட்ல இருந்தேன்."

"ரெக்கார்டு அப்படிச் சொல்லலையே. உங்க பேர், உங்க போன், உங்க சம்மதம். இதைக் கோர்ட்ல காட்டினா நீங்க என்ன சொல்லுவீங்க?"

பெரியவரை அந்த அறையில் யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. அவர் மாடிப்படியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அத்தை வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"என் போன்ல தெரியாம எதையாவது அழுத்தினியா நீ?"

அத்தை மருமகளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும் அதுல எல்லாம். இவ அழுத்தச் சொல்லிக் குடுத்தா, அழுத்தறேன். கீழே கேட்டா மட்டும்தான் அழுத்துவேன்."

அவ்வளவுதான். மடமடவென்று படியேறிப் போய்விட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பூட்டக்கா புத்தகத்தில் படித்திருக்கிறாள். நேரில் இன்றுதான் பார்த்தாள்.

"கேட்டுச்சா? வீட்டு மனுஷியைக் கோர்ட்ல நிறுத்தற மாதிரி பேசாதே" என்றார் பெரியவர்.

"ஆபீஸ் விஷயத்தை வீட்டு விஷயம் மாதிரியே நடத்தினதாலதான் மாமா இங்க வந்து நிக்கிறோம்."

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. பல் டாக்டர்.

"எடுக்காதே" என்றார் பெரியவர்.

மகன் எழுதுவதை நிறுத்தினான். "அப்பா சொல்றாரில்ல, கொஞ்சம் பொறேன்."

அவள் எடுத்தாள். அவர்கள் முன்னாலேயே பேசினாள்.

"டாக்டர், ஆபீஸ்ல இருந்துதான். உங்க விலாசம் கேட்டு வந்த மெயில் சார் அனுப்பினது இல்லை. வேற யாரோ சார் பேர்ல உள்ள புகுந்து கேட்டிருக்காங்க. உங்க பதிலும் அவங்க கைக்குப் போயிடுச்சு. நீங்க இப்ப வீட்டுக்குப் போகாதீங்க. பாப்பாவை யார்கிட்டயும் அனுப்ப வேண்டாம்னு ஸ்கூலுக்கு உடனே சொல்லுங்க. நான் கிளம்பி வரேன்."

அந்தப் பக்கம் கையுறையைக் கழற்றுகிற ஓசை கேட்டது.

"நான் எங்கம்மா போறது?" என்றார் பல் டாக்டர்.

பூட்டக்காவின் வாய் யோசனைக்கு முன்னால் ஓடியது. "எங்க வீட்டுக்கு வாங்க. ஆபீஸுக்கு மேலதான் வீடு" என்றாள்.

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரைக் கேட்டு..."

அவள் கணவனிடம் போனாள். "வண்டி எடுங்க."

அவன் சாவியைக் கையில் எடுத்தான். எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். சாவியை அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டு அவள் வெளியே போனாள். முதுகுக்குப் பின்னால் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். அதை நினைத்தபோதுதான், வண்டியைக் கிளப்பும்போது, அவளுக்குக் கண் கலங்கியது.

பல் டாக்டரைக் கிளினிக்கில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே பிரச்சினை எதுவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. மகள் ஓவிய வகுப்பில் இருந்தாள். எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை. வெளியே வரும்போது ஆபீஸ் அறையிலிருந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "காலைல ஒருத்தர் போன் பண்ணி, மூணாம் வகுப்பை இன்னைக்கும் வழக்கமான நேரத்துக்குத்தான் விடுவீங்களான்னு கேட்டார். அப்பான்னு சொன்னார். நாங்க போன்ல எதுவும் சொல்றதில்லை."

பல் டாக்டர் மகளின் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வண்டியை வாசலுக்கே கொண்டு வரச் சொன்னார்.

மாலை ஆறு மணிக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். டாக்டரின் கைப்பை, ஒரு பள்ளிக்கூடப் பை, சுருட்டிய ஓவியத்தாள். ஜூனியர்கள் போய்விட்டிருந்தார்கள். மேல்வீட்டுக் கூடத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகன், கையில் தட்டச்சு செய்த கடிதம். அத்தை சமையலறை வாசலில்.

சின்னவள் நேராக அத்தையிடம் போனாள். "பாத்ரூம் எங்க இருக்கு?"

அத்தை அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் சின்னவளின் குரல் கூடம் வரை கேட்டது. "இந்த ஸ்கூல்ல எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கா. திங்கக்கிழமை அவ பர்த்டே. இங்கிருந்து ஸ்கூல் பக்கமா?"

அத்தை குழாயை இன்னும் திறந்தார் போல, தண்ணீர்ச் சத்தம் பெரிதானது.

"உட்காருங்கம்மா" என்றார் பெரியவர். கோர்ட்டில் கேட்கிற குரல் இல்லை அது. "இது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. எங்க நிர்வாகி..."

"சார்" என்றார் பல் டாக்டர். உட்காரவில்லை. "எழுத்துல அனுப்பாதீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் அனுப்பினது உங்க பேரைப் பார்த்துதான். எப்படி ஆச்சுன்னு எனக்கு உண்மையைச் சொல்லுங்க." பூட்டக்காவிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க."

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனியில் இருந்தது. யார் அழுத்தியது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை. ஒரே வாக்கியத்தில் அந்தக் கடிதம் வெறும் காகிதமாகிவிடும். சமையலறைப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சார் பாஸ்வேர்டு உங்களுக்கு வந்த ஒவ்வொரு லெட்டர்லயும் அச்சடிச்சிருக்கு டாக்டர். எங்க எல்லாருக்கும் தெரியும். அது போதாதுன்னு போன்லயும் ஒரு பூட்டு இருந்துச்சு. அதை இந்த வீட்டுல இருந்தே திறந்து விட்டுட்டோம். மூணு வருஷமா மெமோ எழுதினேனே தவிர, தடுக்கலை. என்கிட்டயும் தப்பு இருக்கு. ஆனா இவர் கைல இருக்கிற லெட்டர்ல எழுதியிருக்கிற தப்பு இல்லை."

கணவன் கடிதத்தை மடித்தான். இன்னும் ஒருமுறை மடித்தான். எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பல் டாக்டர் மெல்லத் தலையாட்டினார். அழவில்லை. பதினெட்டு மாதமாக அழுது அழுது ஓய்ந்தவர்.

"இன்னைக்கு இங்க தங்கறேன். எனக்கு வேற போக்கிடம் இல்லை. ஆனா காலைல என் கேஸ் கட்டு என் கைக்கு வந்துடணும் சார். வேற வக்கீலைப் பார்த்துக்கறேன்."

பெரியவர் பேச வாயெடுத்தார். நாற்பது வருடத்தில் அவரிடமிருந்து கட்டைத் திரும்பக் கேட்ட கட்சிக்காரர் கிடையாது.

"இன்னொண்ணும் வேணும்" என்றார் பல் டாக்டர். "என் விலாசம் எப்படி வெளிய போச்சுன்னு எழுத்துல வேணும். திங்கக்கிழமை நீதிபதிகிட்ட குடுக்கணும். அப்பத்தான் அவங்க பாப்பாவுக்குக் காவல் போடுவாங்க. பொதுவா 'கோளாறு'ன்னு எழுதினா ஆகாது. அந்தப் பூட்டைத் திறந்தவங்க யாரோ, அவங்க கையெழுத்து வேணும். உங்க நாலு பேர்ல யாரு போடப் போறீங்க?"

பூட்டக்கா சமையலறைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாகத் தரையைப் பார்த்தாள்.

அத்தை வெளியே வந்தார். சின்னவளின் ஈரக் கையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். மகன் கையில் மடங்கிக் கிடந்த கடிதத்தை வாங்கினார். பின்பக்கம் திருப்பி, வெற்றாக இருக்கிறதா என்று பார்த்து, மேஜையில் வைத்து நீவினார்.

"ஒரு பேனா குடுங்க" என்றார், கணவரிடம்.

பெரியவரின் சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் இருந்தன. அவர் கை மேலே வந்தது. பையை மூடிக்கொண்டது.